பீர்ப் பயணத்துக்கு ஒரு வெள்ளோட்டம்

பஸ் டிப்போவின் மாடியில், ஜன்னலோரம் நீள மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் டைம்டேபிள் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். நகரத்தில் ஓடும் நாற்பத்தொரு வழித்தடங்களில் எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், டிரைவர் எப்போது டீ குடிக்க வேண்டும் என்பதையெல்லாம் இருபத்திரண்டு வருடங்களாக அவர்தான் எழுதிவந்தார். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து பார்க்காமல் எதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற மாட்டார். வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. டிப்போவிலிருந்து அதை வீட்டுக்குக் கடத்தி வந்தவர் சகலை.

மனைவியின் அக்காவைக் கட்டிய அந்தச் சகலை ஒரு லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன், ஏதோ ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் மோட்டாரைப் பார்க்கப் போன இடத்தில், இரண்டு பேர் பெரிய பெரிய அண்டாக்களை வைத்து பீர் காய்ச்சிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். அவர்கள் மரியாதைக்கு ஒரு க்ளாஸ் கொடுத்தார்கள். அன்றோடு ஆள் மாறிப்போனார். கடையில் டின்னில் விற்கிற பீரெல்லாம் அவருக்குச் சோப்புத் தண்ணி ஆகிவிட்டது. "கிராஃப்ட் பீர்னா கைப்பக்குவம் சகலை. ஒவ்வொரு அண்டாவுக்கும் ஒரு குணம் உண்டு" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டு, கண்ணில் தண்ணீர் வந்து, எழுந்து போனாலும் நிறுத்த மாட்டார்.

அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த யோசனையைக் கொண்டுவந்தார். ரயிலில் நாலு மணி நேரத்தில் ஒரு நகரம். அங்கே சின்னதாக பீர் காய்ச்சும் இடங்கள் ஏழு. நாலு பேருமாக இரண்டு நாள் போய்விட்டு வரலாம்.

"பீருக்காக ஊர் விட்டு ஊர் போறதா?" என்றாள் டைம்டேபிளின் மனைவி. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். ஊரில் பாதிப் பேரை முகத்தை வைத்து அல்ல, கண்ணாடிப் பவரை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள்.

"பீர் அவருக்கு. சாப்பாடு நமக்கு" என்றார் அக்கா. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் வேலை. பகலெல்லாம் நோயாளிகளிடம் எண்ணெயைத் தொடாதே, உப்பைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் இரண்டையும் ஒரு கை பார்த்துவிட்டு வருபவர். "அந்த ஊர்ல மீன் சூப் ரொம்ப நல்லா இருக்குமாம். சந்தைக்குப் பக்கத்துல அடுப்புல சுட்ட ரொட்டிக்குள்ள கறி வெச்சுத் தர்றாங்களாம். நான் பதினோரு கடை குறிச்சு வெச்சிருக்கேன்."

"ஏழு பீர்க்கடை, பதினோரு சாப்பாட்டுக் கடை, ரெண்டு நாள்" என்று சகலை கையைத் தட்டினார். "இதுக்குத் திட்டம் போட நம்ம டைம்டேபிளை விட்டா யாரு இருக்கா?"

தலையில் கட்டுகிறார்கள் என்று டைம்டேபிளுக்குத் தெரியாமல் இல்லை. பீர் என்பதை அவர் வாழ்க்கையில் இரண்டே தடவைதான் குடித்திருந்தார், இரண்டும் ஆபீசில் யாரோ ஓய்வு பெற்றபோது. ஆனால் பதினெட்டு நிறுத்தம், நாலு பயணிகள், இரண்டு நாள் என்று கேட்டதும் அவருக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. உள்ளே போய்க் கட்டத் தாளை எடுத்துவந்தார்.

"ஒரு க்ளாஸ் பீர் குடிக்க எத்தனை நிமிஷம் ஆகும், சகலை?"

"அதை நிமிஷக் கணக்குல குடிக்க மாட்டாங்க. பேசிக்கிட்டே குடிக்கணும்."

"சரி. ஒரு பேச்சு எத்தனை நிமிஷம்?"

சகலை அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தார். மனைவி மட்டும், "இருபத்தஞ்சுன்னு போடுங்க. அத்தான் பேசினா நாப்பது" என்றாள். டைம்டேபிள் இரண்டையும் குறித்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் ஏழு திட்டம் தயாரானது. முதல் திட்டத்தில் தூங்க நேரமில்லை. இரண்டாவதில் தூக்கம் இருந்தது, குளியல் இல்லை. மூன்றாவதில் சந்தையை வெட்டியதால் அக்கா இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. நாலாவதில் சந்தை திரும்ப வந்தது, ஆனால் காலை ஐந்தே முக்காலுக்கு. "ஐந்தே முக்காலுக்குக் கறி ரொட்டி திங்க நான் என்ன சுரங்கத்துக்கா போறேன்?" என்று கேட்டார் அக்கா. அந்த நகரத்தின் தெரு வரைபடத்தை டைம்டேபிள் மனப்பாடம் செய்துவிட்டார். நடக்கும் நேரத்துக்கு நீல பென்சில், சாப்பாட்டுக்குப் பச்சை, பீருக்குச் சிவப்பு. ஏழாவது திட்டத்தை அவர் சாப்பாட்டு மேஜையில் விரித்தபோது அது ஒரு பாய் அகலம் இருந்தது.

"அருமை" என்றார் சகலை, எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டே. "டிக்கெட் எடுத்துடலாமா?"

"வெள்ளோட்டம் பாக்காம எப்படி?"

"என்னது?"

"புது ரூட்டு விடுறதுக்கு முன்னாடி காலி பஸ்ஸை ஓட்டிப் பாப்போம். கையில கடிகாரம் வெச்சு அளப்போம். அப்புறம்தான் ஆளை ஏத்துவோம். சனிக்கிழமை நம்ம ஊர்லயே ஓட்டிப் பாத்துடலாம். அங்க இருக்கற தூரத்துக்கெல்லாம் சரியா இங்க எடம் பாத்து வெச்சிருக்கேன். முதல் நாள் திட்டம் மட்டும். நாலு பீர்க்கடை, அஞ்சு சாப்பாடு."

"நம்ம ஊர்ல ஏது பீர்க்கடை?"

"அதுக்குப் பதிலா தண்ணி. எடத்துக்கு எடம் அரை லிட்டர். அளவு மாறக் கூடாது."

சகலை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி போடக் கூப்பிட்டு நெசமாவே தண்ணி குடுக்குற ஒரே ஆளு உலகத்துல நீங்கதான்."

சிரிப்பும் கேலியுமாகத்தான் ஒத்துக்கொண்டார்கள். அக்காவுக்குச் சிக்கல் எதுவும் தெரியவில்லை. சாப்பாட்டுக்குப் பதில் வேறு எதுவும் இல்லை, அது நிஜச் சாப்பாடுதான் என்று உறுதி வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளோட்டம் கிளம்பியது. டைம்டேபிள் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். முதுகுப்பையில் எட்டு லிட்டர் தண்ணீர். தபால் நிலையத்து வாசல் முதல் பீர்க்கடை. அங்கே படியில் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து அரை லிட்டர் தண்ணீரைப் பேசிக்கொண்டே குடித்தார்கள். தபால் போட வந்தவர்கள் சுற்றி வளைத்துப் போனார்கள். சகலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, கப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, மோந்து, "லேசா குழாய் வாசனை. பின்னால ஒரு க்ளோரின் தூக்கல்" என்றார்.

இருபத்தைந்தாவது நிமிடம் எழுந்தார்கள். அடுத்து வறுத்த உருளைக்கிழங்குக் கடை, இருபது நிமிடம், சரி. அடுத்து நூலகத்து முற்றம், தண்ணீர், சரி. டைம்டேபிளுக்கு வாயெல்லாம் பல்.

அதற்குப் பிறகுதான் பிடி நழுவியது. நூலகத்துத் திருப்பத்தில் ஒரு அம்மா மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து படிக்கட்டு பள்ளமாகத் தெரிகிறதாம். நடுத்தெருவில் பரிசோதனை நடந்தது. பதினோரு நிமிடம். "யாரு அது?" என்று கேட்டார் டைம்டேபிள். "மைனஸ் நாலரை" என்றாள் மனைவி. பொரித்த மீன் கடையில் அக்கா இரண்டாவது தட்டு வாங்கினார். திட்டத்தில் ஒரு தட்டுதானே என்று டைம்டேபிள் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "இது சூடா இருக்கு தம்பி. இதை விட்டுட்டு வந்தா பாவம்" என்றார் அக்கா. எட்டு நிமிடம். மூன்றாவது அரை லிட்டரைப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கும்போது பேச்சே எழவில்லை. சகலை காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சகலை" என்றார் கடைசியில். "உங்க திட்டத்துல பாத்ரூம் எந்தக் கலரு?"

டைம்டேபிள் தாளைப் பார்த்தார். நீலம், பச்சை, சிவப்பு. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஏழு முறை திருத்திய திட்டத்தில், தலைக்கு இரண்டு லிட்டர் திரவம் ஊற்றும் திட்டத்தில், அது எங்கேயுமே இல்லை.

"வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள் மனைவி. அவள் குரலில் வேடிக்கை குறைந்திருந்தது.

"நடந்தா முப்பது நிமிஷம். பதினாலாம் நம்பர் பஸ்ஸைப் பிடிச்சா ஒன்பது நிமிஷம்" என்றார் டைம்டேபிள், உடனே தெம்பு வந்தவராக. "எட்டு நிமிஷத்துக்கு ஒண்ணு வரும். நான் போட்டதுதான்."

பஸ் நிறுத்தத்தில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எட்டு நிமிடம் ஆனது. பன்னிரண்டு ஆனது. டைம்டேபிள் ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்தார். டிப்போவுக்கு நடந்து போய் நடந்து வருபவர் அவர். தான் நேரம் குறித்த பஸ்ஸுக்காக இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

"இன்னைக்கு ஏதோ பிரேக்டவுன் போல" என்றார், பொதுவாக.

பக்கத்தில் டூட்டி முடிந்து வந்த ஒரு நர்ஸ், செருப்பிலிருந்து ஒரு காலை உருவிக்கொண்டு நின்றிருந்தாள். "இன்னைக்கா? தினமும் இதே கூத்துதாங்க. எட்டு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு போர்டுல எழுதி வெச்சிருக்கான் பாருங்க. இந்த டைம்டேபிள் போட்டவன் மட்டும் என் கையில கெடைச்சான்னு வைங்க, அவனுக்கு ஊசியை எங்க போடணும்னு எனக்குத் தெரியும்."

டைம்டேபிள் சாலையைக் கவனமாகப் பார்த்தார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. சகலைக்கு மட்டும், அந்த அவசரத்திலும், கிடைத்த வாய்ப்பை விட மனசு வரவில்லை.

"அந்த ஆளு எப்படி இருப்பான்னு நெனைக்கிறீங்க சிஸ்டர்?"

"பஸ்லயே ஏறாத ஆளா இருப்பான்."

"அப்படியே கண்ணால பாத்த மாதிரி சொல்றீங்க."

"என்னைச் சிரிக்க வைக்காதீங்க, சிரிச்சா ஆபத்து" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன அக்கா, எதிரே கையைக் காட்டினார். சாலைக்கு அந்தப் பக்கம், பழைய டயர்ப் பட்டறையில் பாதி ஷட்டர் ஏறியிருந்தது. உள்ளே மேஜைகளும் ஆட்களும் தெரிந்தார்கள். ஆட்கள் இருந்தால் பாத்ரூம் இருக்கும். நாலு பேரும் வண்டிகளுக்கு நடுவே கையைக் காட்டிக்கொண்டு ஓடினார்கள். டைம்டேபிளின் கையிலிருந்த பாய் அகலத் தாள் காற்றில் பட்டம் போல விரிந்தது.

முதலில் அக்கா, பிறகு மனைவி, பிறகு சகலை, கடைசியில் டைம்டேபிள். அவர் வெளியே வந்தபோது உலகம் நல்ல இடமாகத் தெரிந்தது. சகலையோ ஒரு மூலையில் பேயறைந்த மாதிரி நின்றிருந்தார். அவர் எதிரில் பளபளவென்று மூன்று ஸ்டீல் அண்டாக்கள், ஆளுயரத்துக்கு.

"சகலை" என்று கிசுகிசுத்தார். "இங்க காய்ச்சுறாங்க. நம்ம ஊர்ல. நாலு மாசமா. எனக்குத் தெரியல."

பட்டறையின் சொந்தக்காரி ரப்பர் பூட்ஸும் ஈரக் கைகளுமாக வந்தாள். நல்ல வாட்டசாட்டமான பெண். பாத்ரூமை மட்டும் உபயோகித்துவிட்டுப் போவது முறையில்லை என்று அக்கா ஏற்கெனவே மேஜை பிடித்துவிட்டிருந்தார். நாலு விதம், சின்னச் சின்ன க்ளாஸில் வந்தது. கூடவே சூடான ரொட்டியும், கடுகுக் குழம்பில் தோய்த்த கோழியும். டைம்டேபிள் முதல் க்ளாஸை மருந்து குடிப்பது போல ஒரு மடக்குக் குடித்தார். கசந்தது. பிறகு அந்தக் கசப்புக்குப் பின்னால் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறியது போல ஒரு மணம் வந்தது. இன்னொரு மடக்குக் குடித்தார், சரிபார்ப்பதற்காக.

"கூட்டம் நல்லா வருதே" என்றாள் மனைவி. "இந்தப் பக்கம் கடை கண்ணியே இல்லையே?"

"எல்லாம் எதிர்ல இருக்கற பஸ் ஸ்டாப் புண்ணியம்" என்றாள் சொந்தக்காரி. "பதினாலாம் நம்பர் என்னைக்கும் நேரத்துக்கு வர்றதில்ல. நின்னு நின்னு கால் வலிச்சு இங்க வந்து உக்காந்துடறாங்க. அந்த டைம்டேபிள் போட்ட மகராசன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். அவரு போட்டோ கெடைச்சா சுவத்துல மாட்டிடுவேன்."

சகலை வாயிலிருந்த பீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. மனைவி அவர் முதுகைத் தட்டினாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைம்டேபிள் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து கிளம்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இரண்டு சின்ன க்ளாஸ் உள்ளே போயிருந்தது. அதோடு தன் வேலையைப் பற்றி ஒரே நாளில் இவ்வளவு பேச்சு அவர் கேட்டதே இல்லை.

"நான்தான்" என்றார்.

"எது?"

"பதினாலு. நான்தான் போட்டேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் நர்ஸும், காத்திருந்து வெறுத்துப்போய், செருப்பைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாள். சொந்தக்காரி ஓடிப்போய் டைம்டேபிளின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். விஷயம் என்னவென்று நர்ஸ் விசாரித்தாள். யாரோ சொன்னார்கள். நர்ஸ் அவரையும், சகலையையும், மறுபடி அவரையும் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது வெட்கத்தாலா கோபத்தாலா என்று டைம்டேபிளுக்குப் பிடிபடவில்லை.

"உக்காருங்க" என்றார் அவர், எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு. "தினமும் எத்தனை மணிக்கு நிப்பீங்க? எந்த எடத்துல பஸ் மாட்டிக்கிது? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"முதல்ல ஊசி" என்றார் சகலை.

நர்ஸ் சிரித்துவிட்டாள். உட்கார்ந்தாள். ஏழாவது திட்டத்தைத் திருப்பிப் போட்டு அதன் வெற்றுப் பக்கத்தில் டைம்டேபிள் எழுத ஆரம்பித்தார். நர்ஸ் சொன்னாள், பக்கத்து மேஜையில் இருந்த தச்சர் சொன்னார், கணக்கு வாத்தியார் ஒருவர் எழுந்து வந்து படமே வரைந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் வந்திருந்தது. இரண்டு சிக்னல் முளைத்திருந்தன. டைம்டேபிள் அந்த வழியைக் கடைசியாக அளந்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால். அப்போது அங்கே இருந்தது ஒரு வயல்வெளியும் நாலு மாடும்.

சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் கிளம்பினார்கள். வெள்ளோட்டத்தின் மீதி நிறுத்தங்களை யாரும் கேட்கவில்லை. சொந்தக்காரி காசு வாங்க மறுத்துவிட்டாள். வாசலில் டைம்டேபிளைத் தனியாக நிறுத்தி, "சார், நெசமாவே சரி பண்ணப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"பண்ணித்தான் ஆகணும்மா."

அவள் பெருமூச்சு விட்டாள். "பண்ணுங்க. நர்ஸம்மா பாவம்தான். ஆனா என் வயித்துலயும் அடிச்சுடாதீங்க."

திங்கட்கிழமை அவர் காலை ஆறு மணி வண்டியில் ஏறி, இரவு டூட்டி டிரைவரிடம் வண்டி கைமாறும் வரை பதினாலாம் நம்பரிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று வாரத்தில் புது அட்டவணை வந்தது. எட்டு நிமிடம் என்ற பொய் போய், பதினொன்று என்ற நிஜம் போர்டில் ஏறியது. கூடுதலாக ஒரு பஸ்ஸும் கேட்டு வாங்கினார். டிரைவர்கள் டீ குடிக்கும் ஏழு நிமிட இடைவெளியை டயர்ப் பட்டறை எதிரிலிருந்த நிறுத்தத்துக்கு மாற்றினார். அங்கே டீ இல்லையே, அதுவும் பீர்க்கடை எதிரிலா என்று மேலதிகாரி கேட்டதற்கு, இனிமேல் இருக்கும் என்று மட்டும் சொன்னார். சொந்தக்காரி மறுநாளே வாசலில் தனியாக ஒரு டீ பாய்லர் வாங்கிப் போட்டாள்.

அடுத்த மாதம் நாலு பேரும் அந்த நகரத்துக்குப் போனார்கள். எட்டாவது திட்டம் ஒரு உள்ளங்கை அளவுதான் இருந்தது: ரயில் நேரம், ஹோட்டல் முகவரி, மூன்று பீர்க்கடை. அதில் ஒன்று குடும்பக் கல்யாணத்துக்காகப் பூட்டியிருந்தது. மற்றொன்றை மழையில் தேடி, இரண்டு தடவை அதே மீன் சூப் கடைக்கே வந்து சேர்ந்தார்கள். இரண்டு தடவையும் அக்கா குடித்தார். கறி ரொட்டியை நாலு பேரும் ஒரு துணிக்கடையின் கூரைக்கடியில் நின்றுகொண்டு, சாறு முழங்கை வரை வழிய, தின்றார்கள்.

கடைசி இடத்தில் சகலை இரண்டு வருடமாகக் கனவு கண்டிருந்த ஒரு பீர் கிடைத்தது. தானியத்தைப் புகையில் வாட்டிச் செய்ததாம், கருங்காப்பி நிறம். சகலை கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, "எப்படி?" என்றார்.

டைம்டேபிள் வாயில் வைத்து, நிதானமாக யோசித்தார். "டிப்போவுல ஒரு தடவை பிரேக் சூடாகி டயர் பத்திக்கிச்சு. அந்த வாசனை."

சகலை ஒன்றரை மணி நேரம் அவரோடு பேசவில்லை. அக்காவும் தங்கையும் சமாதானம் பேசிப் பார்த்து, முடியாமல், பக்கத்துச் சந்தையில் பாத்திரம் பார்க்கப் போய்விட்டார்கள். இரண்டு சகலைகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் டைம்டேபிள் கவுண்டருக்குப் போய் அதே புகை பீரில் இரண்டு பாட்டில் வாங்கிவந்து, ஒன்றைச் சகலையின் மடியில் வைத்தார்.

"புடிக்கலன்னீங்க?" என்றார் சகலை, இன்னும் ஜன்னலைப் பார்த்தபடி.

"டயர் வாசனைன்னுதான் சொன்னேன். புடிக்கலன்னு எங்க சொன்னேன்?"

சகலை பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் ஸ்வெட்டரைக் கழற்றி இரண்டு பாட்டிலையும் சேர்த்து, குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றினார். "உடைஞ்சுடப் போவுது. நான் தூக்கிக்கறேன்" என்றார். பாத்திரச் சந்தையிலிருந்து பெண்கள் இருவரும் ஆளுக்கொரு வாணலியோடு சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள்.